யூ.பி.எஸ்.சி மெயின்ஸ்: கேள்வி ஆங்கிலத்தில், பதில் தமிழில் - பாலக்காடு, இடுக்கி தமிழ் மாணவர்கள் என்ன படிக்க வேண்டும்?

கொழிஞ்சாம்பாறையிலோ, வட்டவடையிலோ, வண்டிப்பெரியாறிலோ தமிழ் மீடியத்தில் படித்த ஒருவர் "நான் ஐ.ஏ.எஸ் எழுதலாமா?" என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று வரும். "தமிழ்லயே எழுதலாம், பயப்படாதே" என்பது ஒன்று. "இங்கிலீஷ் இல்லாம ஒண்ணும் நடக்காது" என்பது இன்னொன்று.

இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. எந்தப் பாதி உண்மை என்று தெரியாமல் படிக்க ஆரம்பித்தால், ஒன்றிரண்டு வருஷம் வீணாகும். இந்தத் தேர்வில் வருஷம் என்பது சாதாரண விஷயம் இல்லை. பொதுப்பிரிவினருக்கு 32 வயது வரை 6 வாய்ப்புகள், ஓ.பி.சி பிரிவினருக்கு 35 வயது வரை 9 வாய்ப்புகள். எஸ்.சி, எஸ்.டி பிரிவினருக்கு வாய்ப்புகளுக்குக் கணக்கு இல்லை என்றாலும் 37 வயது என்ற வரம்பு உண்டு. முதல்நிலைத் தேர்வில் ஒரு தாளுக்குப் போய் உட்கார்ந்தாலே ஒரு வாய்ப்பு போய்விடும்.

மெயின்ஸ் எனப்படும் எழுத்துத் தேர்வுக்கு என்ன படிப்பது, எந்த மொழியில் படிப்பது என்பதை இங்கே பார்க்கலாம்.

தமிழில் எழுத முடியுமா?

முடியும். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதிலும் மெயின்ஸ் எழுதலாம். கோத்தாரி கமிட்டி 1976-ல் கொடுத்த அறிக்கையின் அடிப்படையில் 1979-ல் இன்றைய மூன்று கட்டத் தேர்வு முறை வந்தபோதே இந்த உரிமையும் வந்தது. 2013-ல் இதற்குக் கட்டுப்பாடு கொண்டுவர முயற்சி நடந்தது. எதிர்ப்பு எழுந்ததும் கைவிடப்பட்டது. தமிழில் எழுதியவர்கள் நேர்முகத் தேர்வையும் தமிழிலேயே சந்திக்கலாம்.

ஆனால் கேள்வித்தாள் தமிழில் வராது. இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும்தான் அச்சாகும். முதல்நிலைத் தேர்விலும் இதே கதைதான். அதாவது, உங்கள் பேனா தமிழில் ஓடலாம்; கண் ஆங்கிலத்தில் படித்தே ஆகவேண்டும். "தமிழ்ல எழுதலாம்னு சொன்னாங்களே" என்று ஆங்கில வாசிப்பை ஒதுக்கி வைத்தவர்கள், பதில் தெரிந்தும் கேள்வி புரியாமல் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

எந்த மொழியில் எழுதப் போகிறீர்கள் என்பதை விண்ணப்பிக்கும் கட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு மாற்ற முடியாது. அதனால் இந்த முடிவைக் கடைசி நாளில் எடுக்காதீர்கள். அதற்கு ஒரு வருஷம் முன்பே, ஒரே கேள்விக்குத் தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று பத்துப் பதினைந்து பதில்கள் எழுதிப் பாருங்கள். எதில் கை தயங்குகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

எத்தனை தாள்கள்?

மொத்தம் 9. இரண்டு தாள்கள் தகுதிக்கு மட்டும்: ஓர் இந்திய மொழி, அப்புறம் ஆங்கிலம். ஒவ்வொன்றும் 300 மதிப்பெண். 25 சதவீதம், அதாவது 75 எடுத்தால் போதும். இந்த மதிப்பெண் தரவரிசையில் சேராது. ஆனால் எடுக்காவிட்டால் மற்ற தாள்கள் கணக்கிலேயே வராது. இந்திய மொழித் தாளுக்குத் தமிழையும் எடுக்கலாம், மலையாளத்தையும் எடுக்கலாம். பள்ளியில் எழுதிப் பழகிய மொழி தமிழ் என்றால் யோசிக்கவே வேண்டாம், தமிழ்தான். கட்டுரை, சுருக்கி எழுதுதல், மொழிபெயர்ப்பு என்று வரும் இந்தத் தாளில், பேசத் தெரிந்த மலையாளம் கைகொடுக்காது.

தரவரிசைக்குக் கணக்காவது மீதி 7 தாள்கள்: கட்டுரை ஒன்று, பொது அறிவு நான்கு, விருப்பப் பாடம் இரண்டு. தலா 250 வீதம் 1,750. நேர்முகத் தேர்வின் 275-ஐயும் சேர்த்தால் 2,025. முதல்நிலைத் தேர்வில் வாங்கிய மதிப்பெண் இதில் எங்கும் சேராது.

பொது அறிவு: எங்கிருந்து தொடங்குவது?

என்.சி.இ.ஆர்.டி புத்தகங்களில் ஆரம்பியுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் அவை தமிழில் இல்லை. தமிழ்நாடு அரசின் 6 முதல் 12-ம் வகுப்பு வரையிலான பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன; தமிழிலும் உண்டு, ஆங்கிலத்திலும் உண்டு. வரலாறு, புவியியல், அரசியல் அறிவியல், பொருளாதாரம் நான்கையும் இரண்டு மொழியிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான் எல்லையோர மாணவருக்கு மலிவான, உருப்படியான வழி. இதுவே உங்கள் கலைச்சொல் அகராதியும் ஆகிவிடும்.

அடுத்தது, பாடத்திட்டத்தை உங்கள் ஊரோடு பொருத்திப் பார்ப்பது. இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. டெல்லியில் கோச்சிங் போகிறவர் புத்தகத்தில் தேடுகிற உதாரணங்களில் பாதி உங்கள் ஊர் பஸ் ரூட்டில் இருக்கிறது.

முதல் தாளில் 'சுதந்திரத்துக்குப் பிந்தைய ஒருங்கிணைப்பும் மறுசீரமைப்பும்' என்று ஒரு தலைப்பு உண்டு. 1956 நவம்பர் 1-ல் மொழிவாரி மாநிலங்கள் உருவானபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் சேர்ந்தன. அவற்றைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டுத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. சித்தூர் கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது, பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது, மூணாறு மலைகள் திருவிதாங்கூரில் இருந்தன. ஒரே எல்லைக்கோட்டில் மூன்று ஆட்சிகள். மாநில மறுசீரமைப்பு பற்றிய கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கே தேடுவது? புவியியலிலும் அப்படித்தான். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையிலுள்ள பாலக்காட்டுக் கணவாய், மூணாறில் கொட்டித் தீர்க்கும் மழை பக்கத்திலேயே மறையூர், சின்னாறில் மறைவுப் பிரதேசமாகக் காய்வது, இவை எல்லாம் பருவமழைப் பாடம்.

இரண்டாம் தாள் அரசியலமைப்பு, நிர்வாகம், சமூகநீதி, வெளியுறவு. இங்கே முல்லைப் பெரியாறு ஒன்றே பல தலைப்புகளுக்கு உதவும். 1886-ல் 999 ஆண்டுக் குத்தகை. 1895-ல் கட்டி முடிந்த அணை இருப்பது கேரளத்தில், இயக்குவது தமிழ்நாடு. நீர்மட்டம் 142 அடி வரை உயரலாம் என்று சொன்ன 2014 மே 7 தீர்ப்பில், கேரள சட்டமன்றம் 2006-ல் கொண்டுவந்த திருத்தச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. நீதிமன்றம் ஏற்கெனவே முடிவு செய்த விஷயத்தைச் சட்டம் போட்டு மாற்ற முடியுமா என்பதுதான் அதன் மையம். அதிகாரப் பிரிவினை பற்றிய கேள்விக்கு நேரான உதாரணம். கூடவே 131, 262-வது உறுப்புகள், 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் ஆகியவற்றையும் படியுங்கள்.

ஒரு எச்சரிக்கை: இந்த விஷயத்தில் நம் வீட்டுப் பேச்சு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். விடைத்தாளில் அணைக்குக் கீழே வாழ்பவரின் பயத்துக்கும், தேனி, மதுரைப் பக்கம் வயல் வைத்திருப்பவரின் தேவைக்கும் சம இடம் கொடுக்க வேண்டும். திருத்துபவர் எந்த ஊர்க்காரர் என்று உங்களுக்குத் தெரியாது.

பாலக்காட்டுப் பக்கம் இருப்பவர்களுக்குப் பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தம் இருக்கிறது. 1970-ல் கையெழுத்தாகி, 1958-லிருந்தே நடைமுறை என்று கணக்கிடப்பட்டது. சித்தூர் புழை வழியாகக் கேரளத்துக்கு வருஷம் 7.25 டி.எம்.சி. உள்ளாட்சி அதிகாரம் பற்றிக் கேட்டால் பிளாச்சிமடை: கோகோ கோலா ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க 2003-ல் மறுத்தது பெருமாட்டி கிராமப் பஞ்சாயத்து. 2004-ல் ஆலை நின்றது. மொழிச் சிறுபான்மையினர் உரிமை என்றால் 29, 30, 350ஏ, 350பி உறுப்புகள். தாய்மொழியில் தொடக்கக் கல்வி பற்றிய 350ஏ-வை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டாம், அந்தப் பள்ளியில்தான் படித்திருப்பீர்கள். (தேர்தல் ஆணையம் பற்றிப் படிக்கும்போது, 1990 முதல் 1996 வரை தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த டி.என்.சேஷனும் பாலக்காட்டுத் தமிழர்தான் என்பது ஞாபகம் இருக்கட்டும்.)

மூன்றாம் தாளில் பொருளாதாரம், விவசாயம், சூழல், பேரிடர், பாதுகாப்பு வருகின்றன. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் நடந்த நிலச்சரிவில் லயங்களில் தூங்கிக்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் புதைந்தன. 70 பேர் போனார்கள். பேரிடர் மேலாண்மைக் கேள்விக்கு இதை எழுதும்போது, உருக்கமாக எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. தகவல் தொடர்பு இல்லாதது, லயம் அமைந்த இடம், மீட்புப் படை வந்துசேர ஆன நேரம், மறுகுடியமர்வு என்று பிரித்து எழுதத் தெரிய வேண்டும். காட்கில் குழுவின் 2011 அறிக்கை, கஸ்தூரிரங்கன் குழுவின் 2013 அறிக்கை இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்பதும் இதோடு சேர்ந்தது. மறையூர் சர்க்கரைக்கு 2019-ல் கிடைத்த புவிசார் குறியீடு, சின்னக்கானல் அரிக்கொம்பன் யானை 2023-ல் இடம் மாற்றப்பட்டது, 2015-ல் மூணாறில் பெண் தொழிலாளர்கள் நடத்திய 'பொம்பிளை ஒருமை' போராட்டம் எல்லாம் இந்தத் தாள்களில் எங்காவது பொருந்தும்.

நான்காம் தாள் அறவியல். பாதிக்குப் பாதி நிகழ்வுகளைக் கொடுத்து "நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பார்கள். கட்டுரைத் தாளில் இரண்டு கட்டுரைகள், தலா 125 மதிப்பெண். இவற்றுக்குத் தனிப் புத்தகம் வாங்கிக் குவிப்பதைவிட, வாரம் ஒன்று எழுதி யாரிடமாவது காட்டுவது மேல்.

ஊர் உதாரணம் மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு பதிலுக்கு ஒன்று போதும். காவிரி, கிருஷ்ணா, வயநாடு, ஜோஷிமட் என்று மற்ற இடங்களும் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழில் எழுதப் பழகுவது எப்படி?

பொது அறிவுத் தாளில் முதல் மூன்றிலும் 20 கேள்விகள், 3 மணி நேரம். ஒரு கேள்விக்கு 9 நிமிஷம்தான். பத்து மதிப்பெண் கேள்விக்கு 150 வார்த்தை, பதினைந்துக்கு 250. தமிழ் வார்த்தைகள் நீளம், கை வலிக்கும். ஆனால் ஆங்கிலத்தில் நாலு வார்த்தையில் சொல்வதைத் தமிழில் இரண்டில் சொல்லிவிடலாம். அதனால் 150-ஐ எட்டியே தீரணும் என்று இழுக்காதீர்கள்.

கலைச்சொல்தான் பெரிய தலைவலி. 'ஃபிஸ்கல் டெஃபிசிட்' என்று படித்துவிட்டு, எழுதும்போது 'நிதிப் பற்றாக்குறை' என்று கை தானாகப் போக வேண்டும். 'ரெஸ்பான்சிபிலிட்டி', 'அக்கவுன்டபிலிட்டி' இரண்டையும் 'பொறுப்பு' என்றே எழுதினால் அறவியல் தாளில் அடி வாங்குவீர்கள்; இரண்டாவது 'பதில் சொல்லும் கடமை'. இதற்கு நல்ல மருந்து, மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகச் செய்திக்குறிப்புகள். பல குறிப்புகள் ஆங்கிலத்திலும் தமிழிலும் வருகின்றன. தினம் இரண்டை ஒப்பிட்டு ஐந்து சொல் குறித்துக்கொண்டால் ஒரு வருஷத்தில் நோட்டு நிரம்பிவிடும். 'யோஜனா' இதழின் தமிழ்ப் பதிப்பான 'திட்டம்' இதே வேலையைச் செய்யும். தமிழில் எழுதினாலும், தொழில்நுட்பச் சொற்களுக்கு மட்டும் அடைப்புக்குறிக்குள் ஆங்கிலச் சொல்லைக் கொடுக்க விதி அனுமதிக்கிறது. அளவோடு பயன்படுத்துங்கள்.

கேள்வியின் வினைச்சொல்லையும் கவனியுங்கள். 'எலூசிடேட்' என்றால் உதாரணத்தோடு விளக்கச் சொல்கிறார்கள். 'கிரிட்டிக்கலி எக்ஸாமின்' என்றால் இரண்டு பக்கமும் பார்த்து உங்கள் முடிவையும் சொல்லணும்.

விருப்பப் பாடமாகத் தமிழ் இலக்கியம் எடுக்கலாமா?

ஒரு பெரிய வசதி உண்டு: கணக்கில் சேரும் 1,750-ல், கேள்வியே தமிழில் வருவது இந்த 500 மதிப்பெண்ணுக்கு மட்டும்தான். தமிழில் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பாடப்பகுதி எல்லை வகுத்தது: குறுந்தொகையில் முதல் 25 பாடல்கள், புறநானூற்றில் 182 முதல் 200 வரை, சிலப்பதிகாரத்தில் மதுரைக் காண்டம், கம்பராமாயணத்தில் கும்பகர்ணன் வதைப் படலம், பாரதியின் கண்ணன் பாட்டு, அகிலனின் சித்திரப்பாவை, நா.வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதை என்று போகும். முதல் தாளில் மொழி வரலாறும் இலக்கிய வரலாறும் கேட்கப்படும்.

ஆனால் வீட்டில் தமிழ் பேசுவதால் மட்டும் இதை எடுக்காதீர்கள். மூல நூலைப் படித்து ரசிக்கத் தெரியாதவருக்கு இது பாரம். நூல்களை வாங்குமுன், சித்தூர் அரசுக் கல்லூரித் தமிழ்த் துறையில் படித்த யாராவது பக்கத்தில் இருந்தால் ஒரு மாதம் கூட உட்கார்ந்து பாருங்கள். வரலாறோ புவியியலோ பட்டப்படிப்பில் பிடித்திருந்தால் அதையே எடுப்பது நல்லது.

சான்றிதழும் தேர்வு மையமும்

இடுக்கித் தோட்டக் குடும்பங்களுக்குப் படிப்பைவிட இது முன்னால் வரும் வேலை. 1950-ல் குடியரசுத் தலைவர் ஆணை வந்தபோது குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாக இருந்ததோ, அந்த மாநிலப் பட்டியல்படிதான் எஸ்.சி தகுதி. தாத்தா தமிழ்நாட்டிலிருந்து பிறகு வந்தவர் என்றால், கேரளத்தின் சலுகைகள் கிடைக்காமல் போகலாம். ஆனால் தந்தையின் சொந்த மாநிலச் சான்றிதழை வைத்து மத்திய அரசுப் பணிக்கான இட ஒதுக்கீட்டைக் கேட்க வழி இருக்கிறது. அந்தப் பழைய காகிதத்தைத் தேடி எடுப்பதற்கே மாதக்கணக்கில் ஆகும். ஓ.பி.சி என்றால் மத்தியப் பட்டியலில் உங்கள் சாதி எந்த மாநிலத்தின் கீழ் இருக்கிறது என்று பாருங்கள்.

கேரள அரசின் சிவில் சர்வீஸ் அகாடமிக்குப் பாலக்காட்டிலும் மூவாற்றுப்புழையிலும் கிளைகள் உண்டு. முதல்நிலைத் தேர்வுக்குப் பாலக்காட்டுக்காரர்களுக்குக் கோவையும், குமுளிப் பக்கத்துக்கு மதுரையும், அடிமாலிப் பக்கத்துக்குக் கொச்சியும் வசதி. மையங்கள் முதலில் விண்ணப்பித்தவருக்கு முதலில் என்ற கணக்கில் நிரம்பும் என்பதால் சீக்கிரம் விண்ணப்பியுங்கள். மெயின்ஸுக்குத் திருவனந்தபுரம் அல்லது சென்னை போக வேண்டியிருக்கும். ஐந்து நாள் தேர்வு, இடையில் இடைவெளி நாட்களும் வரும். தங்குமிடச் செலவை இப்போதே கணக்குப் போட்டு வையுங்கள்.