முதல் வீடும் வங்கித் தவணையும்

அச்சுவேலியில் கடை நடத்தும் நண்பர் ஒருவர் முதன்முதலாக வீடு வாங்கப் போகிறார். வங்கி 50 இலட்சம் ரூபா தரச் சம்மதமாம். “மாதம் 55 ஆயிரம்தானே நானா, கடை வருமானத்தில் கட்டிவிடலாம்” என்றார்.

கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். 12 வீத வட்டி, 20 வருடம். மாதத் தவணை 55,054 ரூபா. முதல் மாதம் அதில் 50,000 வட்டிக்கே போகும். கடனில் குறைவது 5,054 ரூபாதான். ஐந்து வருடத்தில் 33 இலட்சம் கட்டிய பிறகும் ஏறக்குறைய 46 இலட்சம் பாக்கி நிற்கும்! நண்பர் தேநீரைக் குடிக்க மறந்துவிட்டார்.

இதுவும் வட்டி மாறாதிருந்தால்தான். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியதை மறக்க முடியுமா? எத்தனை வருடத்துக்கு வட்டி மாறாது, இடையில் கூடுதலாகக் கட்டினால் தண்டப்பணம் உண்டா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

யாழ்ப்பாணத்து ஒற்றியில் கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைச்சலை எடுப்பார். வங்கி ஈட்டில் வீடு உங்கள் கையில் இருக்கும். ஆனால் தவணை தவறினால், நீதிமன்றம் செல்லாமலே ஏலம் விட 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் வங்கிக்கு அதிகாரம் தருகிறது.

வட்டியைத் தவிர்க்க விரும்புவோருக்குக் குறைந்து செல்லும் முஷாரகா முறை உண்டு. வங்கியும் நீங்களும் கூட்டாக வாங்கி, வங்கியின் பங்குக்கு வாடகை கொடுத்தபடி அப்பங்கைச் சிறிது சிறிதாக வாங்குவீர்கள். அங்கும் வாடகை எப்போது திருத்தப்படும் என்று கேட்கத்தான் வேண்டும்.

நண்பர் இப்போது கைக்காசில் இன்னும் 10 இலட்சம் சேர்க்கப் பார்க்கிறார். சேர்ந்தால் தவணை 44,043 ரூபாவாக இறங்கும்.