ஓகே என்று சொல்லிக் காத்திருக்கும் இயந்திரம்

பவர் பட்டனை அழுத்தினால் விசிறிகள் மிக்ஸி போல இரைகின்றன. மானிட்டர் கிடையாது. இரைச்சலைத் தவிர வேறு எதுவும் நடப்பதாகத் தெரியவில்லை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1990களின் பிற்பகுதியில் விற்ற என்டர்பிரைஸ் 250, 450 போன்ற ஸ்பார்க் சர்வர்களில் லினக்ஸ் ஏற்ற முதன்முறை உட்காருபவருக்கு அரைமணி நேரமாவது இப்படிக் கழியும். இயந்திரம் கெட்டுப்போயிருக்கிறது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அது பேசிக்கொண்டுதான் இருக்கிறது. நாம்தான் தவறான பக்கம் காதை வைத்திருக்கிறோம்.

கீபோர்டு செருகப்படவில்லை என்று கண்டால் இவை தம் பேச்சு முழுவதையும் பின்பக்கத்து சீரியல் போர்ட் ஏ-க்குத் திருப்பிவிடும். நல் மோடம் கேபிள் ஒன்றால் அதை லேப்டாப்போடு இணைத்து, வேகத்தை 9600 என்று வைத்தால் எழுத்துகள் வரிசையாக வந்து விழும். கடைசியில் ‘ஓகே’ என்ற ஒரே சொல் வந்து நிற்கும். அதுதான் கட்டளைக்கான அழைப்பு. ஒரு எச்சரிக்கை: எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்தக் கேபிளைப் பிடுங்கினால், மறுமுனைக் கருவியை அணைத்தாலும்கூட, ‘பிரேக்’ என்ற சைகை சர்வருக்குப் போய்ச் சேரலாம். உடனே அது செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே நிறுத்திவிட்டு மீண்டும் ‘ஓகே’ என்று வந்து நிற்கும். பதற வேண்டாம். ‘கோ’ என்று தட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

ஓகே என்று சொல்வது ஓப்பன்பூட். நம் வீட்டுக் கம்ப்யூட்டரின் பயாஸ் செய்யும் வேலையைத்தான் இதுவும் செய்கிறது. ஆனால் நீலத் திரை மெனு எதுவும் கிடையாது; இதற்குள் இருப்பது ஃபோர்த் என்ற முழு நிரலாக்க மொழி. ஃபோர்த்தில் பொருள்கள் முன்னால் வரும், வினை கடைசியில் வரும். ‘8 2 எம்கேபி’ என்றால் ‘எட்டை இரண்டாம் இடத்தில் எழுது’ என்று பொருள். ஆங்கிலம் பேசுபவர்கள் இதைத் தலைகீழ் மொழி என்று அலுத்துக்கொள்வார்கள். நமக்கு இது நம் வாக்கியம் போலவேதான் இருக்கிறது.

அந்த எம்கேபி கட்டளை தேவைப்படுவதற்குக் காரணம் ஒரு செத்த பேட்டரி. கடிகாரம், அமைப்பு விவரங்கள், நெட்வொர்க் கார்டின் முகவரி ஆகியவற்றை இந்தச் சர்வர்கள் ஒரே சிப்பில் வைத்திருக்கின்றன. அதற்கு உயிர் கொடுக்கும் லித்தியம் பேட்டரியையும் சிப்பின் தலையிலேயே பிசினுக்குள் புதைத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் இது அப்பட்டமான கோளாறு: பேட்டரி தீரும் என்று தெரிந்தே, மாற்ற வழியில்லாமல் மூடிவைத்தது. தீர்ந்துவிட்டால் இயந்திரம் தன் முகவரியை மறந்துவிடும். அடையாளத் தகவல் செல்லாது என்று ஒரு வரி வரும். முகவரியின் ஆறு இடங்களிலும் ‘எஃப்எஃப்’ என்றே இருக்கும். நெட்வொர்க்கில் இந்த முகவரிக்கு ‘எல்லோருக்கும்’ என்று அர்த்தம். தன் பெயரைக் கேட்டால் ‘எல்லோரும்’ என்று சொல்பவருக்குத் தபால் எப்படிப் போய்ச் சேரும்?

புதிய சிப் போடலாம். பழையதன் தலையை ராவி வெளியே ஒரு நாணய பேட்டரியைப் பற்றவைப்பவர்களும் உண்டு. எதைச் செய்தாலும் பிறகு அடையாளத்தின் 16 பைட்டுகளையும் ஃபோர்த்தில் கையால் எழுத வேண்டும். முகவரியின் முதல் மூன்று இடங்கள் சன் நிறுவனத்துக்கே உரிய 8, 0, 20. கடைசி பைட் சரிபார்ப்புக்கு உரியது. முந்தைய 15 பைட்டுகளையும் எக்ஸ்ஆர் செய்து வரும் விடை அங்கே உட்கார வேண்டும். ஒரு பைட் தப்பினாலும் அடையாளம் செல்லாது.

இதைச் சரிசெய்யாமல் நெட்வொர்க் வழியே லினக்ஸ் ஏற்றும் அடுத்த படிக்குப் போக முடியாது. சிடியிலிருந்து ஏற்றலாம்தான், ஆனால் 512 பைட் துண்டுகளாகப் படிக்கத் தெரிந்த டிரைவ் வேண்டும். கடையில் வாங்கிய எல்லா டிரைவுக்கும் அது தெரியாது. ஆகவே பலரும் நெட்வொர்க் வழியே வருகிறார்கள். ‘பூட் நெட்’ என்றதும் சர்வர், “என் கார்டு முகவரி இது, என் ஐபி எண் என்னவென்று யாருக்காவது தெரியுமா?” என்று தெருவில் நின்று கூவும். ரார்ப் என்பது இதுதான். பதில் சொல்ல இன்னொரு கணினியில் ஆள் வைத்திருக்க வேண்டும். யாரும் பதில் சொல்லாவிட்டால் ரார்ப் பாக்கெட்டுக்குக் காத்திருந்து நேரம் கடந்தது என்ற வரி திரும்பத் திரும்ப ஓடும். பதில் கிடைத்ததும் அந்த ஐபி எண்ணையே பதினாறடிமான எண்ணாக மாற்றி, அந்தப் பெயரில் ஒரு கோப்பை டிஎஃப்டிபி வழியே கேட்கும். 192.168.1.5 என்றால் கோப்பின் பெயர் சி0ஏ80105. சிறிய எழுத்தில் பெயர் வைத்துவிட்டுக் கோப்பு ஏன் கிடைக்கவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வது வழக்கமான சடங்கு.

இன்ஸ்டாலர் வந்த பிறகு டிஸ்க்கைப் பிரிக்கும் இடத்தில்தான் பெரிய பள்ளம். இந்த ஓப்பன்பூட்டுக்குப் பிசியின் பார்ட்டிஷன் அட்டவணை புரியாது; சன் லேபிள் வேண்டும். அதில் மூன்றாவது பார்ட்டிஷன் முழு டிஸ்க்கையும் குறிப்பது மரபு. மற்றவற்றோடு மேற்பொருந்துகிறதே என்று அதை அழிக்கக் கூடாது. லேபிள் இருப்பது டிஸ்க்கின் முதல் 512 பைட்டில். முதல் பார்ட்டிஷன் தொடங்குவதும் அதே இடத்திலிருந்துதான்! ஈஎக்ஸ்டி2 வகைக் கோப்பு முறை தன் முதல் 1024 பைட்டைத் தொடாமல் விட்டுவிடும். அதனால் லேபிளும் சைலோ என்ற பூட்லோடரின் முதல் துண்டும் அங்கே பத்திரமாக இருக்கும். எக்ஸ்எஃப்எஸ் முதல் பைட்டிலிருந்தே எழுதும். லினக்ஸ் ஸ்வாப்பையும் அங்கே நம்பி வைக்க முடியாது. இன்ஸ்டாலேஷன் நல்லபடியாக முடிந்து, மறுபடி இயக்கியதும் டிஸ்க் வெறுமையாகத் தெரிந்தால் பெரும்பாலும் இங்கேதான் தவறு நடந்திருக்கும்.

டிஸ்க் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்க்க ‘ப்ரோப் ஸ்கஸி ஆல்’ என்ற கட்டளை உண்டு. லினக்ஸ் ஓடி நின்ற கையோடு அதைத் தட்டினால் இயந்திரம் உறைந்துபோகலாம். தானியங்கி பூட்டை நிறுத்திவைத்து, ரீசெட் செய்துவிட்டுத் தட்ட வேண்டும்.

ஸ்பார்க்குக்கு லினக்ஸைக் கொண்டுவந்தவர் டேவிட் மில்லர். டெபியன் 1999இல் வெளியிட்ட 2.1 பதிப்பில் ஸ்பார்க் இடம்பெற்றது; 2015இல் வந்த எட்டாம் பதிப்பில் அதிகாரப்பூர்வப் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டது. இப்போது 64 பிட் வடிவத்தைத் தன்னார்வலர்கள் தனியாகப் பராமரிக்கிறார்கள். எல்லாம் ஏறி, லாகின் வந்த பிறகும் சில நிரல்கள் ‘பஸ் எரர்’ என்று கத்திவிட்டுச் சாகும். நான்கு பைட் எண் என்றால் நான்கால் வகுபடும் முகவரியில்தான் தொடங்க வேண்டும் என்பது ஸ்பார்க்கின் கண்டிப்பு. இன்டெல் சிப் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். வருடக்கணக்கில் பிசியில் சத்தமின்றி ஓடிய நிரலின் பிழை, இங்கே முதல் நிமிடத்திலேயே அகப்படும். அதற்காகவே ஒரு பழைய ஸ்பார்க்கை மூலையில் ஓடவிட்டு வைத்திருக்கும் நிரலாளர்கள் இருக்கிறார்கள், மின்கட்டணத்தைப் பொருட்படுத்தாமல்.