கடைசிக் கையை மட்டும் கூண்டில் ஏற்றலாமா?

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் 2017 டிசம்பர் இறுதியில் நடந்தது இது. மூளையில் ரத்தக் கசிவுக்காகச் சேர்க்கப்பட்டுத் தேறி வந்த 75 வயதுப் பெண்மணி ஒருவரை ஸ்கேன் எடுக்க அழைத்துச் சென்றார்கள். அந்தக் கருவிக்குள் படுக்க அவர் பயந்ததால், பதற்றம் தணிய வெர்செட் என்ற மருந்தை மருத்துவர் எழுதித் தந்தார். செவிலியர் ராடோண்டா வாட், கணினியில் இயங்கும் மருந்து அலமாரியில் அந்தப் பெயரின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளைத் தட்டினார். அலமாரியிலோ அது மிடசோலம் என்ற மூலப்பெயரில் இருந்ததால் திரையில் வரவில்லை. கட்டுப்பாட்டைத் தாண்டித் திறக்கும் வசதியை அழுத்தி மறுபடி தேடினார், வந்தது வெக்குரோனியம். தசைகளை முடக்கி மூச்சை நிறுத்திவிடும் மருந்து. வெர்செட் திரவமாக வரும். இது பொடி, கரைத்துத்தான் ஏற்ற வேண்டும். குப்பியின் மூடியிலேயே எச்சரிக்கை இருந்தது. எதுவும் அவரைத் தடுத்து நிறுத்தவில்லை. ஊசி போட்டபின் நோயாளியின் அருகில் இருந்து கவனிக்கவும் இல்லை. மறுநாள் அந்தப் பெண்மணி இறந்துபோனார்.

தவறு தெரிந்த உடனே வாட் அதை ஒப்புக்கொண்டார். மருத்துவமனை அவரை வேலையை விட்டு நீக்கியது. குடும்பத்தாருடன் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் செய்துகொண்டது. அரசு அமைப்புகளுக்குத் தெரிவித்தாக வேண்டிய மருந்துப் பிழையைத் தெரிவிக்கவில்லை. மரண விசாரணை அலுவலகத்துக்கு அது சொல்லப்படாததால் இயற்கை மரணம் என்றே பதிவாயிற்று. பெயர் சொல்லாத ஒருவரின் புகார் 2018-ல் போய்ச் சேர்ந்திராவிட்டால் விஷயம் அத்தோடு புதைந்திருக்கும். 2022 மார்ச்சில் வாட் கவனக்குறைவால் உயிரிழப்பு ஏற்படுத்திய குற்றவாளி என ஜூரி தீர்ப்பளித்தது. மே மாதம் 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. மருத்துவமனை மீது குற்ற வழக்கே இல்லை. பேசாமல் இருந்தவர்கள் தப்பினார்கள், உண்மையைச் சொன்னவர் கூண்டில் நின்றார். இதைப் பார்க்கிற மற்ற செவிலியர்கள் என்ன பாடம் கற்பார்கள்? அடுத்த முறை வாயைத் திறக்கக் கூடாது என்பதைத்தான். தெரிந்தே உயிரோடு விளையாடாத ஒருவரின் பிழையைக் குற்றமாக்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம், தண்டனை பிழையைத் தடுப்பதில்லை. வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தை ரத்தநாளத்தில்தான் ஏற்ற வேண்டும். தண்டுவடத்தில் ஏற்றினால் பெரும்பாலும் மரணம்தான். இங்கிலாந்தின் நாட்டிங்காமில் 2001-ல் இந்தத் தவறால் இளம் நோயாளி ஒருவர் இறந்தார். மருத்துவர் ஒருவர் சிறைக்குப் போனார். ஆனால் இதே தவறு அதற்கு முன்பும் பல இடங்களில் நடந்திருந்தது, பின்பும் பல நாடுகளில் நடந்தது. ரத்தநாளத்துக்கான ஊசியும் தண்டுவடத்துக்கான ஊசியும் ஒன்றுபோல இருக்கும்வரை சோர்ந்த கை ஏதாவது ஒரு நாள் மாற்றி எடுக்கத்தான் செய்யும். எனவே வின்கிரிஸ்டினை சிரிஞ்சில் தராமல் சிறிய திரவப் பையில் நீர்த்துத் தரும்படி 2007-ல் உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது. பையைத் தண்டுவட ஊசியில் மாட்ட யாருக்கும் தோன்றாது. தமிழ்நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. பிரசவ மரணம் ஒவ்வொன்றையும் காரணம் தேடி ஆராயும் தணிக்கை முறையில் நம் மாநிலம் முன்னோடி. உயிரோடு பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு 2001-03-ல் 134 ஆக இருந்த தாய் இறப்பு 2018-20-ல் 54 ஆகக் குறைந்தது. தணிக்கை மட்டுமே அதற்குக் காரணமல்ல. ஆனால் ஆம்புலன்ஸ் எங்கே தாமதமானது, ரத்தம் ஏன் கிடைக்கவில்லை என்பதெல்லாம் பயமின்றிப் பேசினால்தான் வெளிவரும்.

லாரி ஓட்டுநர் கவனக்குறைவால் ஒருவரைக் கொன்றால் சிறை, வெள்ளை உடுப்புக்கு மட்டும் விலக்கா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குடித்துவிட்டு ஓட்டியவரும், வேண்டுமென்றே சிவப்பு விளக்கைத் தாண்டியவரும் ஆபத்து தெரிந்தே அதைச் செய்தவர்கள். போதையில் அறுவை செய்பவர், தகுதியில்லாமல் ஊசி போடுபவர், பிழையை மறைக்கப் பதிவேட்டைத் திருத்துபவர் மருத்துவத்திலும் அதே வகைதான். அவர்கள் சிறைக்குப் போகட்டும். வாட்டின் வழக்கு இந்த எல்லைக்கோட்டின் அருகே வருகிறது, மறுக்கவில்லை. அவருடைய செவிலியர் உரிமத்தைப் பறித்தது சரி. ஆனால் அந்தக் கட்டுப்பாட்டைத் தாண்டித் திறப்பது அந்நாளில் அந்த மருத்துவமனையில் வழக்கமாகிப்போயிருந்தது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், தனி மனிதக் குற்றம் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. கென்டக்கி மாநிலம் 2024-ல் சட்டம் இயற்றி, அப்பட்டமான அலட்சியமும் வேண்டுமென்றே செய்த கேடும் தவிர்ந்த பிழைகளுக்குக் குற்ற வழக்கு கூடாது என்றாக்கியது.

இன்னொரு கேள்விதான் கனமானது: இழந்த குடும்பத்துக்கு வேறு வழி என்ன? இந்தியாவில் பலர் காவல் நிலையத்துக்கு ஓடுவது பழிவாங்க அல்ல. என்ன நடந்தது என்று யாரும் சொல்லாததால். 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளைத் தர வேண்டும் என்று 2002-ன் மருத்துவ ஒழுக்க விதிகள் சொல்கின்றன. கேட்டுக் கேட்டு அலுத்தவர்கள் எத்தனை பேர்! நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் வழி திறந்தது. ஆனால் எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை அதில் வராது. ஏழைக்கு அந்தக் கதவும் அடைப்புதான். இவர்களுக்கு உண்மையும் இழப்பீடும் கிடைக்கச் செய்யாமல் மருத்துவர்களைக் காப்பாற்றுவதை மட்டும் பேசினால் அது அநியாயம்.

நம் சட்டமோ பாதி வழியில் நிற்கிறது. லூதியானாவில் மூச்சுத் திணறிய நோயாளிக்கு மாட்டிய ஆக்சிஜன் சிலிண்டர் காலியாக இருந்த வழக்கில், அதற்கு மருத்துவரைக் குற்றவாளியாக்க முடியாது, மருத்துவமனை இழப்பீட்டுக்குப் பொறுப்பாகலாம் என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவு, கவனக்குறைவால் உயிரிழப்பு ஏற்படுத்தினால் 5 ஆண்டு வரை சிறை என்கிறது. பதிவுபெற்ற மருத்துவருக்கு மட்டும் 2 ஆண்டு. அந்த வரையறையில் செவிலியர் இல்லை. பழைய சட்டத்தில் எல்லோருக்கும் 2 ஆண்டாக இருந்தது, இன்று மருந்தை எழுதியவருக்கு 2, அதே மருந்தை ஏற்றியவருக்கு 5. நாடாளுமன்றம் முதலில் இதைத் திருத்த வேண்டும். அதோடு, ஒவ்வொரு மருத்துவப் பிழை மரணத்தையும் மருத்துவமனைக்குத் தொடர்பில்லாத குழு விசாரித்து, அறிக்கையைக் குடும்பத்தின் கையில் கொடுக்கும் சட்டமும், அரசு மருத்துவமனைக்கும் சேர்த்து இழப்பீட்டு நிதியும் வேண்டும்.