டிராகனின் அடக்கவிலை

ஓசூர் சிப்காட்டில் உதிரி பாகம் செய்யும் பட்டறை ஒன்றுக்குப் போய் ஒரு பொருளைக் காட்டி விலை கேளுங்கள். கொட்டேஷன் போடுகிறவர் உடனே ஒரு தொகையைச் சொல்லிவிட மாட்டார். மூலப்பொருள் எவ்வளவு, மெஷின் எத்தனை நிமிடம் ஓடும், நூற்றுக்கு எத்தனை ரிஜெக்ட் ஆகும், ஸ்கிராப் என்ன விலைக்குப் போகும் என்று வரிசையாக எழுதிக் கூட்டுவார். அதற்குப் பிறகுதான் அடக்கவிலை வரும். யூ-கி-ஓ கார்டு விளையாட்டின் டிராகன்களையும் இப்படித்தான் மதிப்பிட வேண்டும் என்பது என் கட்சி.

நம் பிள்ளைகள் அப்படி மதிப்பிடுவதில்லை. அதற்குக் காரணமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் இரண்டு தலைமுறை ட்ரம்ப் கார்டில் வளர்ந்தது. மல்யுத்த வீரரின் உயரம், எடை என்று ஒரு எண்ணைச் சொல்வார்கள். பெரிய எண் வைத்திருப்பவர் எதிராளியின் கார்டை அள்ளிக்கொள்வார். அந்தப் பழக்கத்தோடு யூ-கி-ஓ கார்டைக் கையில் எடுக்கிற பிள்ளையின் கண், கீழே அச்சிட்டிருக்கும் தாக்குதல் எண்ணில்தான் போய் நிற்கும். வீட்டில் தமிழும் பக்கத்து வீட்டில் தெலுங்கும் அத்திப்பள்ளி தாண்டினால் கன்னடமும் பேசுகிற ஓசூர்ப் பிள்ளைக்கு, மூன்று மொழியிலும் ஒரே மாதிரி புரிவது அந்த எண் ஒன்றுதான். 3000 என்றால் எல்லோருக்கும் 3000.

அந்த 3000 யாருடையது என்று விளையாடுகிறவர்களுக்குத் தெரியும். ப்ளூ ஐஸ் வைட் டிராகன்: தாக்குதல் 3000, தற்காப்பு 2500, லெவல் 8. கசுகி தகாஹாஷி 1996-இல் வரையத் தொடங்கிய மங்கா கதையில் இந்தக் கார்டு உலகத்திலேயே நான்குதான். மூன்று கைபா என்னும் பணக்காரப் பையனிடம் இருக்கும். நான்காவதை அவனே கிழித்துப் போடுவான். கதைக்கு வெளியே நிலவரம் வேறு. கொனாமி நிறுவனம் 1999-இல் ஜப்பானில் வெளியிட்ட இந்த விளையாட்டில், 2011 மார்ச் 31 வரை விற்ற கார்டுகள் 2,517 கோடி என்று கின்னஸ் பதிவு சொல்கிறது. 40 கார்டு கொண்ட கட்டுகளாகப் பிரித்தால் ஏறத்தாழ 62.9 கோடிக் கட்டு. 2002-இல் அமெரிக்காவில் வந்த கைபா ஸ்டார்ட்டர் டெக்கில் 50 கார்டு, அதில் ஒரு ப்ளூ ஐஸ். விதி ஒரு டெக்கில் ஒரே கார்டை மூன்று வரை அனுமதிக்கிறது. அந்த வழியில் மூன்றையும் சேர்க்க வேண்டுமென்றால் 150 கார்டு வாங்க வேண்டும்.

இனி கணக்கு. ஆளுக்கு 8000 லைஃப் பாயிண்ட்; அது தீர்ந்தால் தோல்வி. டெக்கில் 40 முதல் 60 கார்டு. தொடக்கத்தில் கையில் 5. ஒரு முறைக்கு ஒரு மான்ஸ்டரைத்தான் சாதாரணமாகக் களத்தில் இறக்கலாம். லெவல் 4 வரை சும்மா இறங்கும். லெவல் 5, 6 என்றால் களத்தில் இருக்கும் ஒன்றைப் பலி கொடுக்க வேண்டும். லெவல் 7-உம் அதற்கு மேலும் என்றால் இரண்டு பலி. ஆக ப்ளூ ஐஸ் இறங்கும்போது செலவாவது மூன்று கார்டு. கார்டு ஒன்றுக்கு 1000 தாக்குதல். அதே ஸ்டார்ட்டர் டெக்கில் லா ஜின் என்றொரு விளக்குப் பூதம் உண்டு. லெவல் 4, தாக்குதல் 1800, பலி கிடையாது. கார்டு ஒன்றுக்கு 1800.

இந்த இரண்டையும் மூன்று முறை ஓடவிட்டுப் பார்ப்போம். நீங்கள் இரண்டாவதாக ஆடுகிறீர்கள், அதனால் முதல் முறையிலேயே தாக்கலாம். எதிரே களம் காலி, அதனால் தாக்குதல் எண் முழுவதும் எதிராளியின் லைஃப் பாயிண்ட்டில் கழியும். முதல் முறை ஒரு 1800. இரண்டாம் முறை இன்னொன்றை இறக்கினால் இரண்டும் சேர்ந்து 3600, இதுவரை 5400. மூன்றாம் முறை இன்னொரு 1800-ஐ இறக்கினால் அந்த முறை மட்டும் 5400, மொத்தம் 10,800. மாறாக அந்த இரண்டையும் பலி கொடுத்து ப்ளூ ஐஸை இறக்கினால் அந்த முறை 3000, மொத்தம் 8400. இரண்டு வழியிலும் 8000 தாண்டுவது அதே மூன்றாம் முறைதான். செலவும் அதே மூன்று கார்டுதான். ஆனால் ஒரு வழியில் களத்தில் மூன்று ஆள் நிற்கிறார்கள், மறு வழியில் ஒருவர்.

அப்படியானால் ப்ளூ ஐஸ் எதற்கு? எதிராளி சும்மா இருக்க மாட்டார் என்பதற்காக. மிஸ்டிக்கல் எல்ஃப் என்னும் லெவல் 4 கார்டின் தற்காப்பு 2000. அது குறுக்கே உட்கார்ந்தால் 1800 வைத்து முட்டுகிறவருக்கே ஒவ்வொரு முட்டுக்கும் 200 நஷ்டம். மூன்று பூதம் இருந்தாலும் அந்தச் சுவர் அசையாது. 3000 அதை ஒரே அடியில் உடைக்கும். டிராகனுக்குக் கொடுக்கும் விலை இந்தச் சுவருக்காகத்தான். சுவர் இல்லாத களத்தில் டிராகனை இறக்குவது வீண் செலவு.

தாக்குதல் எண்ணையே இன்னொரு விதமாகவும் படிக்க வேண்டும். 8000-ஐ முடிக்க எத்தனை அடி? 2000 முதல் 2666 வரை எந்த எண்ணாக இருந்தாலும் நான்கு அடி. 2667 முதல் 3999 வரை மூன்று. 4000 முதல் 7999 வரை இரண்டு. ரெட் ஐஸ் பிளாக் டிராகனின் 2400-க்கும் ஸ்டார்டஸ்ட் டிராகனின் 2500-க்கும் வெறும் 2000-க்கும் காலி களத்தில் வேறுபாடே இல்லை; எல்லாம் நான்கு அடி. 2800-உம் 3000-உம் ஒன்று. ஐந்து தலை டிராகனின் 5000-உம் ப்ளூ ஐஸ் அல்டிமேட்டின் 4500-உம் ஒன்று. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகும்போதுதான் எண் காசாகிறது. படிக்குள் கூடுகிற 100, 200 எல்லாம் இன்னொரு மான்ஸ்டரோடு நேருக்கு நேர் மோதும்போது மட்டும் உதவும்.

அடுத்து ரிஜெக்ட் செலவு. ட்ராப் ஹோல் என்று ஒரு கார்டு. 1000 அல்லது அதற்கு மேல் தாக்குதல் உள்ள மான்ஸ்டர் சாதாரணமாக இறங்கினால் அதை அழித்துவிடும். பூதம் விழுந்தால் ஒன்றுக்கு ஒன்று. ப்ளூ ஐஸ் விழுந்தால் எதிராளிக்கு ஒரு கார்டு, உங்களுக்கு மூன்று. மேன் ஈட்டர் பக் என்னும் பூச்சியின் தாக்குதல் 450. கவிழ்ந்து கிடந்து புரளும்போது எந்த மான்ஸ்டரையும் கொண்டுபோய்விடும். 450-க்கு 3000 போகிற இந்த இழப்பைக் கூட்டாமல் போடுகிற மதிப்பீடு பாதி மதிப்பீடு.

பெரியவற்றின் கணக்கு இன்னும் மோசம். அல்டிமேட்டை இறக்க மூன்று ப்ளூ ஐஸ், அவற்றை இணைக்கும் ஒரு பாலிமரைசேஷன் கார்டு: நான்கு கார்டுக்கு 4500, கார்டுக்கு 1125. ஐந்து தலை டிராகனுக்கு ஐந்து டிராகனும் பாலிமரைசேஷனும்: ஆறு கார்டுக்கு 5000, கார்டுக்கு 833. அல்டிமேட்டுக்கு வேண்டிய நான்கும் முதல் ஐந்து கார்டில் வந்து சேர என்ன வாய்ப்பு? டெக்கில் 40 கார்டு, ப்ளூ ஐஸ் மூன்று, பாலிமரைசேஷன் மூன்று என்று வைத்தால், சாத்தியமான 6,58,008 கைகளில் 105 கைகள்தான் அப்படி அமையும். 6,267 ஆட்டத்துக்கு ஒரு முறை.

ஒரு ப்ளூ ஐஸாவது முதல் கையில் வருவதற்கு 33.8 சதவீதம். டெக்கை 60 கார்டாகப் பெருக்கினால் 23.3. புதிதாக ஆடுகிற பிள்ளைகள் நல்ல கார்டு எல்லாவற்றையும் டெக்கில் திணித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு கார்டு சேரும்போதும் டிராகன் கைக்கு வரும் வாய்ப்பு குறைகிறது என்பதை அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

விளையாட்டின் வரலாறு முழுக்க நடந்தது, இந்த அடக்கவிலையைக் குறைக்கும் வேலைதான். கைபா ஸ்டார்ட்டர் டெக்கிலேயே அது தொடங்கிவிட்டது. லார்ட் ஆஃப் டி (1200), அதோடு டிராகனை அழைக்கும் புல்லாங்குழல் கார்டு. லார்ட் களத்தில் இருக்கும்போது குழலை ஊதினால் கையிலிருக்கும் இரண்டு டிராகன்வரை பலியில்லாமல் இறங்கும். இரண்டு ப்ளூ ஐஸ் என்றால் நான்கு கார்டுக்கு ஒரே முறையில் 7200. கார்டுக்கு 1800, பூதத்தின் விலையேதான். அதைவிட, டிராகன்களைக் குறிவைக்க முடியாமல் லார்ட் காவல் நிற்பார். ஆனால் 8000-க்கு 800 குறையும். எதிராளிக்கு இன்னொரு முறை கிடைக்கும். இந்த 800-இல் எத்தனையோ ஆட்டம் கைமாறியிருக்கும்.

பிறகு வந்த கார்டுகள் இன்னும் மலிவாக்கின. ட்ரேட் இன்: கையில் முடங்கிய லெவல் 8 மான்ஸ்டரை வீசிவிட்டு இரண்டு கார்டு எடுக்கலாம். வீசியது ப்ளூ ஐஸ் என்றால் அதை சில்வர்ஸ் க்ரை ஒரே கார்டில் எழுப்பிக்கொண்டு வரும். டிராகன்ஸ் மிரர் என்னும் கார்டு, செத்துக் கிடக்கும் ஐந்து டிராகன்களை வைத்தே ஐந்து தலையை இறக்கும். கையிலிருந்து போவது ஒரு கார்டுதான். ஆறாக இருந்த செலவு ஒன்று.

நான் அதிகம் வியப்பது 2016-இல் பரவலான ப்ளூ ஐஸ் ஆல்டர்நேட்டிவ் டிராகனை. அதே 3000, அதே 2500. கையிலிருக்கும் ஒரு ப்ளூ ஐஸை எதிராளிக்குக் காட்டினால் போதும், இது இறங்கிவிடும். காட்டியது கையிலேயே இருக்கும். கார்டு ஒன்றுக்கு 3000. அந்த முறை தாக்காமல் இருந்தால் எதிராளியின் ஒரு மான்ஸ்டரையும் அழிக்கும். ப்ளூ ஐஸும் ஆல்டர்நேட்டிவும் முதல் கையில் சேர்ந்து வரும் வாய்ப்பு, மூன்று மூன்று வைத்தாலும் 9.8 சதவீதம்தான். இங்கேதான் மெலடி ஆஃப் அவேகனிங் டிராகன் வருகிறது. ஒரு கார்டை வீசினால், தாக்குதல் 3000-க்குக் குறையாமலும் தற்காப்பு 2500-க்கு மிகாமலும் உள்ள இரண்டு டிராகன்களை டெக்கிலிருந்தே எடுத்துத் தரும். மூன்று மெலடி வைத்தால் 9.8 என்பது 41.2 சதவீதம் ஆகிறது. பழைய 3000, 2500 என்ற எண்கள் இங்கே நுழைவுச்சீட்டாக மாறிவிட்டன. அந்த ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் ஒர்லாண்டோவில் நடந்த உலகக் கோப்பையை ஜப்பானின் ஷுன்சுகே ஹியாமா வென்றது ப்ளூ ஐஸ் டெக்கை வைத்துத்தான்.

விலை அளவுக்கு மீறிக் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் டிராகன்தான் சாட்சி. கேயாஸ் எம்பரர் டிராகனுக்கும் தாக்குதல் 3000, தற்காப்பு 2500. எண்ணளவில் ப்ளூ ஐஸின் நகல். செத்தவற்றில் ஒளி வகை ஒன்று, இருள் வகை ஒன்றை அகற்றினால் இறங்கிவிடும். அதன் முதல் வாசகத்தின்படி, 1000 லைஃப் பாயிண்ட் கொடுத்தால் இருவர் கையிலும் களத்திலும் இருக்கிற எல்லாக் கார்டையும் அழித்து, அழிந்த கார்டு ஒவ்வொன்றுக்கும் எதிராளியிடம் 300 பிடுங்கும். இருபுறமும் சேர்த்து 10 கார்டு இருந்தால் 3000. எதிராளி வெறுங்கையோடு நிற்கும்போது யாட்டா கராசு என்னும் காக்கை வந்து, அவர் அடுத்த கார்டை எடுக்க முடியாமல் தடுக்கும். அந்தக் காக்கையின் தாக்குதல் 200. தனியாக 8000-ஐ முடிக்க 40 அடி வேண்டும். ஆனால் எதிராளிக்கு ஒரு கார்டும் வராததால் அந்த 40 அடியையும் நிதானமாகக் கொடுக்கலாம். 2004-இல் இரண்டும் தடைப்பட்டியலில் ஏறின. டிராகன் திரும்பி வந்தது அதன் வாசகத்தைத் திருத்தி எழுதிய பிறகே. 2013-இல் வந்த நான்கு டிராகன் ரூலர்களும் அதே வழியில் போயின. அவற்றின் தாக்குதல் 2800, 2600, 2400, 1600. ஒன்றுகூட 3000 இல்லை.

கைப்பேசியில் ஆடுகிறவர்கள் கணக்கை மாற்றிப் போட வேண்டும். 2022 ஜனவரியில் வந்த மாஸ்டர் டூயலில் மேலே சொன்ன விதிகளே. 2017 முதல் உலகெங்கும் கிடைக்கும் டூயல் லிங்க்ஸில் லைஃப் பாயிண்ட் 4000, டெக் 20 முதல் 30. அங்கே 3000-க்கு இரண்டே அடி. மூன்று ப்ளூ ஐஸ் உள்ள 20 கார்டு டெக்கில் முதல் 4 கார்டில் ஒன்றாவது வர 50.9 சதவீதம். டிராகன் அங்கே உண்மையிலேயே மலிவு.

கடைசியாக, ரூபாய். பெட்டிக்கடையில் தொங்கும் மலிவுப் பாக்கெட்டுகளில் போலிகள் ஏராளம். ஓசூரில் வெர்னியர் பிடிக்கத் தெரிந்தவர் இல்லாத தெரு குறைவு. வீட்டுக்கு வந்ததும் அளந்து பாருங்கள். அசல் யூ-கி-ஓ கார்டு 59 மி.மீ. அகலம், 86 மி.மீ. உயரம். போக்கிமான் கார்டின் அளவான 63-க்கு 88-இல் யூ-கி-ஓ டிராகன் இருந்தால் அது போலி. இடது கீழ் மூலையில் வழக்கமாக எட்டு இலக்க எண் இருக்கும். ப்ளூ ஐஸுக்கு 89631139. வலது கீழ் மூலையில் மினுக்கும் சிறு சதுரம் இருக்க வேண்டும். எண் சரியாக இருப்பதாலேயே கார்டு அசலாகிவிடாது, எண்ணை எவரும் அச்சிடலாம். தவறாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பிள்ளைக்கு வாங்கித் தர நினைக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஒரு டிராகனுக்காகப் பாக்கெட் பாக்கெட்டாக வாங்காதீர்கள். ஆடத் தயாராக வரும் முழு டெக் ஒன்றை நம்பகமான கடையில் வாங்கிக் கொடுங்கள். வாங்கிய அன்றே, அதிலுள்ள ஒவ்வொரு டிராகனும் களத்தில் இறங்க எத்தனை கார்டு செலவாகும் என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.