கோடைப்புண்ணும் அதன் மூலமும்

குதிரைகளுக்கு வேனிற் காலத்தில் உண்டாகும் ஒருவகைச் சருமப் புண்ணைக் கோடைப்புண் என்பர். சிறு கீறலாகத் தொடங்கிச் சில வாரங்களிற் செந்தசை பொங்கிப் படர்வதும், சாதாரண மருந்துகளுக்கு ஆறாமையும் இதன் இயல்பு. குளிர்காலத்தில் வற்றி, மறு கோடையில் மீண்டும் தலைகாட்டும். ஆதலின் இதனைப் பருவத்தின் குற்றமெனக் கருதுதல் எளிது. உண்மையில் இஃது இலையான் கொண்டுவரும் புழுவினால் விளைவது.

நெடுந்தீவிற் கட்டாக்காலியாய் மேய்வனவற்றையன்றிப் பிற குதிரைகளை நம்மவர் காண்பது அருமை. ஆயினும், இந்நோயின் வரலாறு இலையான் மொய்க்கும் இடமெதற்கும் பாடமாவதாம்.

1861ஆம் ஆண்டிற் காட்டர் என்னும் அறிஞர், பம்பாயில் வீட்டு இலையானின் உடலினுள்ளே நுண்ணிய உருளைப்புழுக்களைக் கண்டு எழுதினார். அவை அங்குப் புகுந்த வழியை 1913இல் அமெரிக்கரான றான்சம் விளக்கினார். ஹப்ரோனீமா எனப்படும் அப்புழு, முதிர்ந்த நிலையிற் குதிரையின் இரைப்பையில் வாழும். அதன் குஞ்சுகள் இலத்தியோடு வெளிவரும். இலத்தியில் வளரும் இலையான் குடம்பிகள் அவற்றை உண்ணும். குடம்பி இலையானாகிப் பறக்குங்கால், புழுக்குஞ்சு அதன் வாயுறுப்பை அடைந்து காத்திருக்கும். இலையான் குதிரையின் உதட்டில் அமரின், குஞ்சு வாய்வழியே இரைப்பையை அடைந்து முதிரும். புண்ணிலோ கண்ணோரத்திலோ இறங்கின், வளர வழியின்றி அங்கேயே மடியும். அதனை எதிர்த்து உடல் அழல்வதே கோடைப்புண். அரிசிமணி போன்ற மஞ்சட் பருக்கைகள் அதனுட் காணப்படும். தினவு தாளாது குதிரை புண்ணைக் கடித்தும் உரைஞ்சியும் பெருப்பிக்கும்.

புற்றுநோயும் பிற கட்டிகளும் இதுபோலவே தோன்றுதலின், மிருக வைத்தியர் புண்ணிற் சிறு துண்டெடுத்துச் சோதித்துத் துணிவர். ஆராயாது புற்றெனக் கைவிடின், ஆறக்கூடிய புண்ணால் நல்ல குதிரையொன்றை இழக்க நேரும். சிகிச்சை மூவகைத்து. முதலாவது, புழுவைக் கொல்லும் ஐவர்மெக்டினை வாய்வழிக் கொடுத்தல். ஒரு கிலோ எடைக்கு 200 மைக்கிரோகிராம் என்பது அளவு. 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு அது 60 மில்லிகிராமாகும். இரண்டாவது, வைத்தியர் கண்காணிப்பில் ஸ்டீரொய்ட் மருந்தால் அழற்சியைத் தணித்தலும், மிகைத்தசையை அறுத்து நீக்கலும். மூன்றாவது, புண்ணைக் கழுவிக் கட்டி, இலையான் அணுகாது காத்தல். கண்ணோரப் புண்ணுக்கு வலைமுகமூடி ஏற்றது.

இவற்றோடு நின்றுவிடின், மறு கோடையிற் புண் மீளும். வெப்பகாலத்தில் இலையான் முட்டை, ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களுள் இலையானாகிவிடும். ஆதலின் இலத்தியை நாள்தோறும் அள்ளி, லாயத்துக்குத் தொலைவிற் சேர்த்தல் வேண்டும். அங்குள்ள குதிரைகள் அனைத்துக்கும் புழுமருந்து கொடுத்தலும், சிறு காயத்தையும் மூடி வைத்தலும் அவசியம்.

மருந்து இன்றைய புண்ணை ஆற்றும். நாளைய புண்ணைத் தடுப்பது மண்வெட்டியும் கூடையுமே. நோய் தோன்றுமிடம் ஒன்று, அதன் வேர் கிடக்குமிடம் வேறொன்று என்பதை மாணவர் இதனால் உணர்வாராக.