நாளைய நகையில் எத்தனை பங்கு தங்கம்?

தமிழ்நாட்டின் எல்லையில், ஓசூரை அடுத்து உள்ள சிற்றூர் தொரப்பள்ளி. 1878ஆம் ஆண்டில் இராஜாஜி பிறந்த ஊர் என்பதால் அதன் பெயரைப் பலரும் அறிவர். அந்தப் பகுதிக்கும் தங்கத்துக்கும் உள்ள உறவை அறிந்தவர்கள் சிலரே. அங்கு ஓடும் தென்பெண்ணைக்குப் பொன்னையாறு என்றே ஒரு பெயர் உண்டு. எல்லையைத் தாண்டிக் கர்நாடகத்துக்குள் சென்றால் கோலார் தங்க வயல். ஓசூரிலோ, டாட்டா நிறுவனமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூட்டாக 1984இல் தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் நகைத் தொழிற்சாலை இருக்கிறது.

கோலார் சுரங்கங்கள் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்றன. தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர் அங்கே உழைத்தனர். 120 ஆண்டுகளில் கிடைத்த பொன் ஏறத்தாழ 800 டன். 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. 2024ஆம் ஆண்டில் மட்டும் இந்தியர்கள் வாங்கிய தங்கமும் ஏறத்தாழ 800 டன்தான்! ஒரு நூற்றாண்டுக்கு மேல் தோண்டி எடுத்ததை நாம் ஓராண்டில் வாங்கிவிடுகிறோம். நம் நாட்டில் இப்போது கிடைக்கும் பொன் மிகச் சொற்பம். பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2025இல் 10 கிராம் தூய தங்கத்தின் விலை ஒரு லட்சம் ரூபாயைக் கடந்தது.

விலை இப்படி ஏறினால் மக்கள் என்ன செய்வார்கள்? நகையை விட்டுவிட மாட்டார்கள். நகையிலுள்ள தங்கத்தைக் குறைப்பார்கள். நகைச் சந்தை இன்று அந்தத் திசையில்தான் நகர்கிறது.

காரட் என்பது என்ன?

தூய தங்கத்தை 24 பங்கு என்று கொள்வது வழக்கம். 22 காரட் நகையில் 22 பங்கு தங்கம், 2 பங்கு பிற உலோகம். 22ஐ 24ஆல் வகுத்தால் 0.916. நகைகளில் காணும் 916 என்ற எண் இதுவே. அவ்வாறே 18 காரட் என்றால் 750. 14 காரட் என்றால் 585. 9 காரட் என்றால் 375.

ஒரு சவரன் என்பது 8 கிராம். ஒரு சவரன் எடையுள்ள 22 காரட் நகையில் 7.33 கிராம் தங்கம் இருக்கும். அதே எடையுள்ள 18 காரட் நகையில் 6 கிராம். 9 காரட்டில் 3 கிராம் மட்டுமே.

ஓசூர்த் தொழிற்சாலையின் வரலாறு இங்கே சுவையானது. அதன் தனிஷ்க் நகைகள் 1990களில் முதலில் 18 காரட்டில்தான் வந்தன. வாங்குவோர் அவற்றை விரும்பவில்லை. 22 காரட்தான் நகை, மற்றதெல்லாம் மட்டம் என்பது அவர்கள் எண்ணம். நிறுவனம் 22 காரட்டுக்கு மாறியது. இன்றோ விலையேற்றத்தால் 18 காரட்டை மக்களே கேட்டு வாங்குகிறார்கள். 2025 ஜூலையில் 9 காரட் நகைக்கும் தர முத்திரை அனுமதிக்கப்பட்டது.

செம்பு செய்யும் வேலை

தங்கத்தில் பிற உலோகத்தை ஏன் கலக்கிறோம்? ஏமாற்றுவதற்காக அல்ல. தூய தங்கம் மிக மென்மையானது. அதில் அணுக்கள் அடுக்கடுக்காக ஒழுங்காக அமைந்திருக்கின்றன. சிறிது அழுத்தினாலும் ஓர் அடுக்கு மற்றொன்றின் மேல் வழுக்கிச் செல்லும், நகை வளைந்துவிடும். செம்பின் அணு, பொன்னின் அணுவைவிடச் சிறியது. அது இடையில் புகுந்ததும் அடுக்கின் ஒழுங்கு குலைகிறது, வழுக்குவது கடினமாகிறது. நகை உறுதி பெறுகிறது. வெள்ளியின் அணு ஏறக்குறையப் பொன்னின் அணுவின் அளவே உள்ளது. ஆகையால் அது செம்பைப் போல அவ்வளவு உறுதி தருவதில்லை. செம்பு மிகுந்தால் நிறம் சிவக்கும். வெள்ளி மிகுந்தால் வெளிறும்.

ஆக, 18 காரட் நகை 22 காரட் நகையைவிட உறுதியானது. மெல்லிய கம்பியில் நுண்ணிய வேலைப்பாடு செய்யவும், கற்களை இறுகப் பதிக்கவும் அதுவே ஏற்றது.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். காரட் என்பது எடைக் கணக்கு. அணுக்களை எண்ணினால் என்ன கிடைக்கும்? பொன்னின் அணு எடை 197. செம்பின் அணு எடை 63.5. கலந்தது முழுவதும் செம்பு என்று வைத்துக்கொள்வோம். 100 கிராம் 18 காரட்டில் 75 கிராம் பொன்; 75ஐ 197ஆல் வகுத்தால் 0.38. 25 கிராம் செம்பை 63.5ஆல் வகுத்தால் 0.39. அதாவது அணுக்களில் ஏறத்தாழப் பாதியே பொன்! இவ்வாறே கணக்கிட்டால் 22 காரட்டில் நூற்றுக்கு 78 அணுக்கள் பொன். 9 காரட்டிலோ நூற்றுக்கு 16 அணுக்களே பொன்.

இதன் விளைவு கண்ணுக்குத் தெரியும். பொன் அணுக்கள் மிகுதியாக இருக்கும்போது அவை செம்பு அணுக்களைச் சூழ்ந்து காக்கின்றன. பாதிக்கும் கீழே குறைந்தால் அந்தக் காப்பு தளர்கிறது. வியர்வையும் காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களும் செம்பைத் தாக்கும். 9 காரட் நகை நாளடைவில் மங்கக்கூடும் என்பது இதனால்தான்.

உரைகல்லிலிருந்து எக்ஸ் கதிருக்கு

இத்தனை வகைத் தங்கம் சந்தைக்கு வந்தால், எது எது என்று எப்படி அறிவது? பொற்கொல்லர்கள் நகையைக் கருங்கல்லில் உரசி, கீற்றின் நிறத்தைப் பார்த்து மாற்றுச் சொன்னார்கள். அதற்குப் பழகிய கண் வேண்டும். இரண்டொரு காரட் வேறுபாடு வாங்குவோருக்குத் தெரியாமலே போய்விடும்.

1990களில் தனிஷ்க் கடைகளில் 'காரட்மீட்டர்' என்ற கருவி வைக்கப்பட்டது. வீட்டு நகைகளைக் கொண்டு வந்து சோதித்துப் பார்த்த பலருக்கு அதிர்ச்சி காத்திருந்தது. 22 காரட் என்று நம்பி வாங்கிய நகையில் பொன் குறைவாக இருந்தது.

அக்கருவி வேலை செய்யும் விதம் எளியது. எக்ஸ் கதிர் நகையின் மேல் படுகிறது. அது அணுவின் உட்கூட்டிலுள்ள ஓர் எலெக்ட்ரானை வெளியேற்றுகிறது. காலியான இடத்துக்கு வெளிக்கூட்டு எலெக்ட்ரான் ஒன்று இறங்குகிறது. அப்போது மிஞ்சும் ஆற்றல் புதிய எக்ஸ் கதிராக வெளிப்படுகிறது. இந்த ஆற்றல் தனிமத்துக்குத் தனிமம் மாறுபடும். செம்புக்கு 8.0, பொன்னுக்கு 9.7, வெள்ளிக்கு 22.2 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். இது ஒவ்வொரு தனிமத்துக்கும் உரிய கைரேகை போன்றது. இந்த ஒழுங்கை 1913இல் கண்டறிந்தவர் மோஸ்லி என்ற இளம் ஆங்கில விஞ்ஞானி. இரண்டே ஆண்டுகளில், 27ஆம் வயதில், அவர் போரில் மாண்டார்.

நகைக்குச் சேதமில்லை, சில நிமிடங்களில் விடை கிடைத்துவிடும். ஆனால் ஒரு குறை உண்டு. பொன்னின் உள்ளிருந்து வரும் கதிர்கள் வழியிலேயே உறிஞ்சப்படுகின்றன. ஏறத்தாழ நூறில் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் கருவிக்குத் தெரியாது. தடித்த முலாம் பூசினால் அது ஏமாறும்!

ஆகையால் பழைய புடமிடும் முறை இன்றும் வாழ்கிறது. நகையிலிருந்து சிறு துணுக்கை எடுத்து, வெள்ளி சேர்த்து, ஈயத் தகட்டில் சுற்றி உலையில் வைப்பார்கள். ஈயமும் செம்பும் ஆக்சைடுகளாகி, நுண்துளைக் கிண்ணத்தால் உறிஞ்சப்படும். மிஞ்சும் மணியை நைட்ரிக் அமிலத்தில் இட்டால் வெள்ளி கரைந்து பொன் மட்டும் நிற்கும். அதை நிறுத்தால் விடை கிடைக்கும்.

முத்திரையைப் படியுங்கள்

இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2000ஆம் ஆண்டில் தங்க நகை முத்திரைத் திட்டத்தைத் தொடங்கியது. 2021 ஜூன் 16 முதல் அது படிப்படியாகப் பல மாவட்டங்களில் கட்டாயமாயிற்று. முத்திரையில் மூன்று குறிகள் உண்டு: அமைப்பின் சின்னம், 22கே916 போன்ற தூய்மைக் குறி, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளம். இந்த அடையாளத்தை அமைப்பின் கைப்பேசிச் செயலியில் இட்டுச் சரிபார்க்கலாம்.

வைரத்திலும் இதே மாற்றம் நிகழ்கிறது. மீத்தேன் வாயுவிலிருந்து கார்பன் அணுக்களைப் படியவைத்து வைரம் வளர்க்கிறார்கள். சுரங்க வைரமும் இதுவும் ஒரே பொருள். கண்ணால் வேறுபடுத்த முடியாது. சென்னை ஐ.ஐ.டி.யில் இந்த ஆய்வுக்கென ஐந்து ஆண்டுகளுக்கு 242 கோடி ரூபாய் தரப்படும் என 2023இல் அறிவிக்கப்பட்டது.

அழகுக்காக மட்டும் அணிவதானால் 9 காரட்டும் ஆய்வக வைரமும் நல்லவையே. ஆனால் நம் வீடுகளில் நகை வெறும் அழகல்ல. விதைப்புக்கும் மருத்துவச் செலவுக்கும் படிப்புக்கும் அடகு வைக்கும் சேமிப்பு அது. அடகுக்கடையில் மதிப்பு உள்ளே இருக்கும் பொன்னுக்கே. கொடுத்த செய்கூலியும் சேதாரமும் திரும்பி வருவதில்லை. எதற்காக வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

இன்று மாலை வீட்டிலுள்ள ஒரு நகையை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். முத்திரை எண்ணைப் படித்து, அதில் எத்தனை கிராம் பொன் என்று அம்மாவுக்குக் கணக்கிட்டுச் சொல்லுங்கள். பிறகு, 14 காரட் நகையில் நூற்றுக்கு எத்தனை அணுக்கள் பொன் என்பதை நீங்களே கண்டுபிடியுங்கள். விடை 31 என்று வந்தால் கணக்குச் சரி.