உதட்டுக்கு ஓர் ஓவர்டிராஃப்ட்!

ரெண்டு மாசத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா வீட்டில் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு, ஈஸிசேரில் சாய்ந்திருந்தேன். அக்கா மகள் (எனக்கு மருமகள் முறை, காலேஜ் கடைசி வருஷம்) வேலைக்கு அப்ளிகேஷன் போட எடுத்த போட்டோவைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"எப்படி இருக்கு மாமா?"

"நல்லாத்தான் இருக்கு. உதடு எங்கே? வீட்டிலேயே மறந்து வெச்சுட்டுப் போயிட்டியா?" என்றேன்.

அக்கா சிரித்தாள். அத்தான் சிரித்தார். என் ஜோக்குக்கு நானே பெரிதாகச் சிரித்தேன். மருமகள் மட்டும் போட்டோவை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பத்து நாள் கழித்து, ராத்திரி பத்தரை மணிக்கு அக்காவிடமிருந்து போன். "டேய், உடனே கிளம்பி வா. உன் மருமக மூஞ்சியை வந்து பாரு!"

போனேன். பார்த்தேன். வாயைச் சுற்றி, நாவல் பழத்தை அப்பிக்கொண்ட மாதிரி கருநீல வட்டம். மேலுதடு பன் மாதிரி உப்பியிருந்தது. மேஜை மேல் கையகல பிளாஸ்டிக் குப்பி ஒன்று. அதற்குள் உதட்டை வைத்துக் காற்றை உறிஞ்சினால் உதடு பெருக்குமாம். ஆன்லைனில் வாங்கியிருக்கிறாள். கொஞ்ச நேரம் வைத்தால் போதும் என்று அட்டையில் போட்டிருந்தான். இவள் பத்து நிமிஷம் வைத்திருக்கிறாள்! விடிந்தால் காலேஜில் காம்பஸ் இன்டர்வியூ.

"யாருடி உன்கிட்ட உதடு சின்னதுன்னு சொன்னா?" என்று அக்கா கத்தினாள்.

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன்.

அன்றைக்கே தீர்மானித்தேன், இந்த உதடு பெருக்கும் வியாபாரத்தை ஒரு தடவை ஆடிட் பண்ணிவிடுவது என்று. நான் பி.காம். படித்தவன். எதைக் காட்டினாலும் வரவு எவ்வளவு, தேய்மானம் எவ்வளவு என்று பார்க்கத்தான் தெரியும். ‘இதெல்லாம் பொம்பளைங்க சமாசாரம்’ என்று பக்கத்தைப் புரட்டப் போகும் இளைஞர்களே, கொஞ்சம் நில்லுங்கள். அந்தக் குப்பியை வாங்க வைத்தது ஓர் ஆம்பிளையின் வாய்!

பூர்வீகச் சொத்து

முதலில் உதட்டைப் பற்றி ஒரு பாரா. உடம்பின் மற்ற இடத்துத் தோலை விட உதட்டின் சிவந்த பகுதியில் மேல்தோல் ரொம்ப மெல்லிசு. முடி கிடையாது. வியர்வைச் சுரப்பியும் கிடையாது. உள்ளே ஓடும் ரத்தக் குழாய்கள் அந்த மெல்லிசுத் தோல் வழியே தெரிவதால்தான் அந்தச் சிவப்பு. அதே காரணத்தால் ஈரமும் சீக்கிரம் ஆவியாகிப் போகிறது.

உதடு தடிமனா மெல்லிசா என்பது பெரும்பாலும் பரம்பரை. தாத்தா பாட்டி எழுதிவைத்த பூர்வீகச் சொத்து. இரண்டு சென்ட் மனை வந்தால் இரண்டு சென்ட்தான். கத்தி வைக்காமல் அதைப் பெரிசாக்க நாலு வழி சொல்கிறார்கள். ஒன்று, வீங்க வைப்பது. இரண்டு, ஈரம் ஏற்றுவது. மூன்று, ஊசி போட்டு நிரப்புவது. நாலு, பார்ப்பவன் கண்ணை ஏமாற்றுவது.

உறிஞ்சினால் வருவது...

மருமகள் செய்தது முதல் வகை. குப்பிக்குள் காற்றழுத்தம் குறைகிறது. ரத்தமும் நீரும் உதட்டுப் பக்கம் இழுக்கப்படுகின்றன. உதடு உப்புகிறது. சந்தோஷம்! ஆனால், தலைமுடியை விட மெல்லிசான ரத்தக் குழாய்கள் எத்தனை இழுப்பைத் தாங்கும்? சில உடைந்து, ரத்தம் தோலுக்கடியில் கசிகிறது. கிரிக்கெட் பந்து பட்டால் தொடையில் கன்றிப்போகிறதே, அதே சங்கதிதான். வீக்கம் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். ரத்தக்கட்டு மட்டும் நீலம், பச்சை, மஞ்சள் என்று கலர் மாறி மாறி ஒரு வாரம், பத்து நாள் உட்கார்ந்திருக்கும்.

இதில் மருமகள் முன்னோடி அல்ல. 2015-ல் அமெரிக்காவில் டி.வி. பிரபலம் கைலி ஜென்னர் மாதிரி உதடு வேண்டும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் சின்னக் கண்ணாடி டம்ளருக்குள் வாயை வைத்து உறிஞ்ச ஆரம்பித்தார்கள். வாயெல்லாம் ரத்தக்கட்டு. சிலருக்கு டம்ளர் உடைந்து காயம். அதே வருஷம் மே மாதம் கைலி ஒப்புக்கொண்டார், தன் உதடு டம்ளரில் வந்ததில்லை, ஊசி போட்டு வந்தது என்று!

மிளகாய் பஜ்ஜி விஞ்ஞானம்

அடுத்து, தடவினாலே உதடு பெருக்கும் என்கிற ‘லிப் ப்ளம்பர்’. நேரில் சோதித்துவிடுவது என்று ஃபேன்ஸி ஸ்டோருக்குப் போனேன்.

"தம்பி, லிப் ப்ளம்பர் இருக்கா?"

"ப்ளம்பர் தெருக்கோடியில இருக்காருண்ணே. குழாய் லீக்கா?"

கல்லாவில் இருந்த பெண் புரிந்துகொண்டு எடுத்துக் கொடுத்தார். "கிஃப்டா சார்?" "இல்லைங்க, எனக்குத்தான்." பாக்கிச் சில்லறையைக் கையில் தராமல் மேஜை மேலேயே வைத்துவிட்டார்.

பார்ட் டைமாகக் கணக்கு எழுதும் ஆடிட்டர் ஆபீஸில், மத்தியானம் யாரும் பார்க்காதபோது தடவினேன். ரெண்டே நிமிஷம். சுருசுரு என்று ஆரம்பித்து, திகுதிகு என்று எரிந்தது. ‘ஸ்... ஸ்...’ என்று நான் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருக்க, ஆடிட்டர் எட்டிப் பார்த்தார்.

"என்னய்யா, கீழே மிளகாய் பஜ்ஜி போட்டுட்டானா? எனக்கு ரெண்டு வாங்கிட்டு வரக் கூடாது?"

மனுஷர் சரியாகப் பிடித்துவிட்டார். லேபிளைப் படித்தால் மிளகாய்ச் சாறு, பட்டை எண்ணெய், மெந்தால்! மிளகாயின் காரத்துக்குக் காரணம் கேப்சைசின் என்கிற பொருள். சூட்டை உணர்வதற்கென்று நரம்பு நுனியில் ஒரு பூட்டு இருக்கிறது. அந்தப் பூட்டுக்கு கேப்சைசின் கள்ளச்சாவி. சூடே இல்லாமல் ‘ஐயோ, சுடுது!’ என்று நரம்பு அலறுகிறது. உடனே ரத்தக் குழாய்கள் விரிகின்றன. கொஞ்சம் நீர் வெளியே கசிகிறது. உதடு சிவந்து லேசாக உப்புகிறது. இந்தப் பூட்டைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நமக்குக் கிடைப்பது எரிச்சல்.

பையன் காம்பஸ் பெட்டியிலிருந்து சுட்ட ஸ்கேலை வைத்து முன்னும் பின்னும் அளந்தேன். சிவப்பு கண்ணுக்குத் தெரிந்தது. அளவில் தெரிந்தது வித்தியாசமா, என் ஆசையா என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. சாயங்காலம் பஸ் ஏறுவதற்குள் எல்லாம் பழையபடி.

ஆக, பலன் உண்டு. ஆனால் கொஞ்சமாக, சில மணி நேரத்துக்கு. தினமும் தடவினால் நிரந்தரமாகிவிடுமா? ஆகாது. தினமும் எரிய விட்டால் உதடு உரியும், வெடிக்கும். பட்டை சிலருக்கு அலர்ஜி. நம்ம ஊர் மாநிறத் தோலில் எரிச்சலுக்குப் பிறகு கருமை தங்கிவிடுவதும் சகஜம். வெடித்த உதட்டில் தடவவே கூடாது.

ஏரியில் தூறல்

இப்போது எந்த க்ரீமை எடுத்தாலும் ஹயலூரானிக் ஆசிட் என்று போட்டிருக்கிறது. ஆசிட் என்றதும் பயப்பட வேண்டாம். தோலிலும் மூட்டிலும் கண்ணிலும் நமக்கு இயற்கையாகவே இருக்கிற சரக்கு அது. 1934-ல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டுக் கண்ணிலிருந்து பிரித்தெடுத்தார்கள். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதில் கெட்டிக்காரன்.

ஆனால், சாதாரணமாக அதன் மூலக்கூறு ரொம்பப் பெரிசு. தடவினால் தோலைத் தாண்டி ஆழமாக இறங்காது. மேலாக உட்கார்ந்து ஈரம் காக்கும், சின்னச் சின்னக் கோடுகள் மறையும். வறண்ட ஏரியில் தூறல் போட்டால் வெடிப்பு மூடும், ஏரி பெரிசாகாது.

ஊசி முனையில்...

ஏரியைப் பெரிசாக்க வேண்டுமானால் அதே சரக்கைக் கெட்டியான ஜெல்லாக்கி ஊசியில் ஏற்ற வேண்டும். இதுதான் ‘ஃபில்லர்’. உதட்டுக்கு இதைப் போட அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-ல் அனுமதி கொடுத்தது. பொதுவாக ஒரு மில்லி, அல்லது அதற்கும் குறைவு. ஒரு டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்கு. கத்தியில்லாத வழிகளில் நிஜமாகவே அளவைக் கூட்டுவது இது ஒன்றுதான்.

வட்டி? ஆறு மாசம், ஒரு வருஷத்தில் பெரும்பாலும் கரைந்துவிடும். மறுபடி ஊசி, மறுபடி பணம். பிடிக்காவிட்டால் கரைப்பதற்கு ஹயலூரானிடேஸ் என்கிற மருந்து இருப்பது ஒரு நிம்மதி. ஆனால், ஜெல் தவறி ரத்தக் குழாயை அடைத்தால் அந்த இடத்துச் சதையே செத்துப்போகலாம். மிக அபூர்வமாகப் பார்வையும் போயிருக்கிறது. அடைப்பைப் பார்த்ததும் கண்டுபிடித்து மருந்து கொடுக்கத் தெரிந்த டாக்டர் கையில் மட்டும்தான் இது இருக்க வேண்டும். ஊசியில்லாமல் அழுத்தத்தாலேயே ஜெல்லை உள்ளே செலுத்தும் பேனாக்களை உபயோகிக்கவே வேண்டாம் என்று அதே அமெரிக்க அமைப்பு 2021-ல் எச்சரித்தது.

ஐந்தொகை

குப்பி: சில மணி நேர வீக்கம், பத்து நாள் ரத்தக்கட்டு. நஷ்டம்.

ப்ளம்பர்: அரை நாள் சிவப்பு, எரிச்சல். ஓவர்டிராஃப்ட். உடம்பிடம் வாங்கிய வீக்கத்தை அன்றைக்கே திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

ஈரம் காக்கும் க்ரீம்: அளவு கூடாது, பளபளப்பு உண்டு. சாதா வாஸலினும் ஈரத்தைப் பூட்டி வைக்கும். சிக்கனம்.

உதட்டுப் பயிற்சி: வாய் வலிக்கும். உதடு பெருக்கும் என்பதற்கு நல்ல ஆதாரமில்லை. வாராக்கடன்.

ஃபில்லர்: பலன் நிஜம். செலவும் அபாயமும் நிஜம்.

லைனரும் லிப் கிளாஸும்: ஓரக்கோட்டைத் துளி வெளியே வரைந்து, நடுவில் பளபளப்பு. கண்ணுக்கு மட்டும் பெரிசு. ராத்திரி துடைத்துவிடலாம். நாலில் நேர்மையான மோசடி இது!

ஆம்பிளைகளுக்கும் ஒரு வரி. ஏ.சி. ரூமில் உட்கார்ந்து நாக்கால் உதட்டை நக்கிக்கொண்டே இருந்தால் இன்னும்தான் காயும். சிகரெட், உதட்டைக் கறுக்கவும் சுருங்கவும் வைக்கும்.

இன்டர்வியூ என்னாயிற்று என்கிறீர்களா? மாஸ்க் போட்டுக்கொண்டு போனாள். கழற்றச் சொன்னார்கள். கழற்றினாள். "கேட்டதுக்கெல்லாம் பதில் தெரியும் மாமா. வாயைத் திறக்கத்தான் கூச்சமா இருந்துச்சு" என்றாள் சாயங்காலம். அந்த வேலை கிடைக்கவில்லை.

இந்தக் கட்டுரையைப் போன வாரம் அவளிடம் படித்துக் காட்டி, மன்னிப்பும் கேட்டேன். ரத்தக்கட்டு மறைந்துவிட்டது. உதடு பழைய சைஸில், அவள் பாட்டிக்கு இருந்த மாதிரியே, லட்சணமாக இருக்கிறது. அடுத்த வாரம் இன்னொரு கம்பெனி வருகிறதாம். முழுசும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னாள்:

"நல்லா எழுதியிருக்கீங்க மாமா. ஆனா, என் உதட்டுக்கு ஒரு வைத்தியமும் வேண்டாம். உங்க வாய்க்கு ஏதாவது இருக்கான்னு அடுத்த வாரம் எழுதுங்க!"